திறந்தே கிடந்த கதவு

எங்கள் ஊர் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், நடையின் இரண்டு சுவரிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரும்புக் கொக்கி உண்டு. திறந்த கதவைச் சுவரோடு சேர்த்து மாட்டி வைப்பதற்கு. விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுந்திருக்கும் அப்பத்தா முதலில் செய்யும் வேலை அதுதான். கணைய மரத்தை உருவி ஓரமாகச் சாய்த்து வைப்பாள். இரண்டு கதவையும் விரியத் திறந்து கொக்கியில் மாட்டுவாள். அப்புறம் இரவுச் சாப்பாடு முடிந்து, திண்ணையில் படுக்கிறவர்கள் பாயை உதறி விரிக்கும்வரை, அந்த வீட்டுக்குக் கதவென்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரிவதெல்லாம் நிலைதான்.

அதனால்தானோ என்னவோ, செதுக்கல் முழுவதும் நிலையில் இருக்கிறது. மேல்கட்டையின் நடுவில் தாமரை மேல் திருமகள், இருபுறமும் நீர் சொரியும் யானைகள். கால்கட்டைகளில் அடியிலிருந்து மேல்வரை ஏறும் கொடி, கொடிக்கு நடுவே கிளி. கதவுப் பலகையிலோ வரிசையாக அடித்த குமிழ் ஆணிகளைத் தவிர ஒன்றுமில்லை. நாள் முழுக்கச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் பலகையில் கொடி செதுக்கி யார் பார்ப்பது? இன்று புதிதாகக் கட்டும் வீடுகளைப் பாருங்கள். நிலை மொட்டையாக இருக்கிறது. ஏழடிக்கு மூன்றரை அடி ஒற்றைக் கதவில் பிள்ளையாரோ லட்சுமியோ பலகை நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். கணினி சொன்னபடி ஓடும் ரூட்டர் மெஷின் செதுக்கியது. தெருவில் போகிறவர் கண்ணில் படுவது சாத்திய கதவுதான் என்றான பிறகு, அழகு நிலையிலிருந்து கதவுக்கு இடம் மாறிவிட்டது.

பழைய வீட்டில் கதவு மாற்றுவது என்ற பேச்சு எங்கள் குடும்பத்தில் எழுந்தபோது இதைத்தான் முதலில் கவனித்தேன். அந்த வீட்டுக் கதவுகள் திறந்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததோ சாத்தி வைப்பதற்கான கதவுகள்.

வீடு காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி தூரம். செட்டிநாட்டுப் பெரிய வீடு அல்ல. முகப்பு, வளவு, பட்டாலை என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த வீடுகளுக்கு முன்னால் இது கையகலம். திண்ணை, நடை, முற்றம், கூடம், இரண்டு அறை, கொல்லை, அவ்வளவே. ஐயாவின் அப்பா கட்டியது. பர்மாவோடு இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்த காலம் அது. நகரத்தார் வீடுகளுக்கு ரங்கூனிலிருந்து தேக்கு கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததோடு அந்த வரத்து அறுந்தது. எங்கள் வீட்டில் வாசல் நிலைக்கும் கதவுக்கும் மட்டும் பர்மாத் தேக்கு. அறைக் கதவுகள் வேம்பு, கொல்லைக் கதவு பலா. கை நீண்ட மட்டும் தேக்கு, மிச்சத்துக்கு வீட்டுக் கொல்லை மரம் என்பதுதான் அன்றைய சாமானியர் கணக்கு. வேப்ப மரத்தை வெட்டி ஊருணியில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் மாதக்கணக்கில் காயவைத்து அறுத்ததாக அப்பா சொல்வார். அப்படி ஊறி உலர்ந்த மரம் பின்னால் முறுக்காது, எளிதில் உளுக்கவும் செய்யாது.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் வாசல் கதவு தரையைத் தட்டத் தொடங்கியது. இடப்பக்கக் கதவு பாதிக்கு மேல் நகரவில்லை. சென்னையிலிருந்து அண்ணன் போனில் சொன்னார்: “எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு ஸ்டீல் கதவு மாட்டிருவோம்டா. மரம் மாதிரியே கலர் வருது. ஒரே நாள்ல மாட்டிட்டுப் போயிருவாங்க. கரையான் பயம் இல்ல.” அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மா தனியாக இருக்கிற வீடு. எழுபத்தெட்டு வயது, வாக்கர் பிடித்து நடக்கிறாள். ராத்திரி கணைய மரம் தூக்கிப் போட அவளால் ஆகாது.

ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். எழுபதைத் தொட்டவர். பையிலிருந்து உளியை எடுத்து, திருப்பிப் பிடித்து, நிலையின் காலை அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனார். அடியில் ‘பொத்’ என்ற சத்தம். ஒரு முழம் மேலே போனதும் ‘டங்’ என்றது. மறுபக்கமும் அப்படியே. உளி முனையால் அடிப்பக்கம் குத்தினார். ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

“தம்பி, மேல எல்லாம் இரும்பு. கீழ ஒரு அடிதான் சீக்கு. கால்ல புண்ணு வந்தா ஆளையே மாத்துவாகளா?”

சீக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே காட்டினார். பழைய தரை ஆத்தங்குடிக் கல். பத்து வருடத்துக்கு முன் அதன் மேலேயே சிமெண்ட் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினோம். தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது. கதவு இடிக்கும் என்று அடியில் அறுத்தார்கள். நிலையின் கால்கள் புதிய சிமெண்டுக்குள் புதைந்தன. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கினாலும் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. வீடு கழுவுகிற தண்ணீரெல்லாம் மரத்தின் அறுத்த முனை வழியே மேலேறி நின்றுவிட்டது. தெருவும் சும்மா இருக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஐந்து படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது இரண்டு படிதான் மிச்சம். மழைத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டுப் போகிறது. தொண்ணூறு வருடம் நின்ற தேக்கு எங்கள் பத்து வருட நாகரிகத்தில் அழுகியது. அதைப் பார்த்து நின்ற அன்று எனக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது.

அந்தக் கதவுக்குக் கீல் கிடையாது. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கதவின் சுவரோரச் சட்டத்திலேயே மேலும் கீழும் முளை மாதிரி நீட்டிவிட்டிருக்கும். அதற்குக் குடுமி என்று பெயர். மேல்குடுமி நிலையின் மேல்கட்டைத் துளையிலும், கீழ்க்குடுமி அடியிலுள்ள குழியிலும் உட்கார்ந்து சுழலும். கதவின் முழுக் கனத்தையும் தரை வாங்கிக்கொள்கிறது, நிலை வாங்குவதில்லை. ஆணியோ திருகோ இழுபடாததால்தான் இரண்டு அங்குலக் கனமான பலகையை ஒரு சிறு பிள்ளை விரலால் தள்ளித் திறக்க முடிந்தது. குழியில் மாதம் ஒருமுறை நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட வேண்டும். விடாமல் போனால் அழும். அந்த அழுகையைக் கேட்டே ராத்திரி யார் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள் என்று அப்பத்தா படுத்தபடி சொல்லிவிடுவாள்.

இன்றைய ஃப்ளஷ் கதவு இதற்கு நேர் எதிர். உள்ளே துண்டு துண்டான மென்மரக் கட்டைகளை அடுக்கி, இரு முகத்திலும் பிளைவுட்டைப் பசை வைத்து அழுத்தியது. முப்பது, முப்பத்தைந்து மில்லிமீட்டர் கனம். ஒரு பக்கமாக நாலு கீலில் தொங்குகிறது. அளவு மாறாமல் இருப்பதும், விலை கைக்கு எட்டுவதும் அதன் நல்ல குணங்கள். கீல் திருகு ஒருமுறை பிடி விட்டால் அந்தத் துளை பிறகு பிடிக்காது என்பது அதன் குறை. அடியில் தண்ணீர் ஏறி ஏடு பிரிந்தால் ஆசாரிக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. பழைய கதவில் சட்டம் தனி, பலகை தனி, துளையில் நாக்கைச் செருகி மர ஆணி அறைந்த பொருத்து தனி. எது கெட்டதோ அதை மட்டும் கழற்றலாம். என் அறைக்கென்று நான் ஒரு கடையில் ஆசையாக வாங்கிய ரெடிமேட் கதவு முதல் மழைக்கே ஊதிக்கொண்டு சாத்த மறுத்தது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “வேற போட்டுருங்க சார்” என்றார். பார்த்துவிட்டு அவர் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

நிலையை ஏன் பிடுங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய வீடு வாங்கிச் சீர்செய்கிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று நிலை நிறுத்திய பிறகுதான் சுவர் எழும்பும். நல்ல நாள் பார்த்து, கீழ்க்கட்டை உட்காரும் இடத்தில் நவதானியமும் காசும் போட்டு, மேல்கட்டையில் மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி நிலையை நிறுத்துவார்கள். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, மூங்கில் முட்டுக் கொடுத்துவிட்டு, அதற்கு இருபுறமும் கல் வைத்துக்கொண்டு போவார்கள். மேல்கட்டையின் இரு முனையும் காது மாதிரி சுவருக்குள் நீண்டிருக்கும். சுவரும் நிலையும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கும். இன்று ரெடிமேட் கதவுகளுக்கு வாசல் அளவில் வெற்றிடம் விட்டுச் சுவர், பூச்சு எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் சட்டத்தோடு கொண்டுவந்து திருகி மாட்டுகிறார்கள். அந்த நினைப்பில் பழைய நிலையைக் கடப்பாரை போட்டு நெம்பினால், காதோடு சேர்ந்து மேலே உள்ள சுவரும் இறங்கும்.

அறைக் கதவை மாற்றும்போது எங்களுக்கு அதுதான் நடந்தது. ஒரு கூடை காரையும் செங்கல்லும் அம்மாவின் கட்டில் மேல் விழுந்தன. நல்லவேளையாக அவள் அப்போது கொல்லையில் இருந்தாள்.

அந்த அறைக் கதவை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. ஐந்தேகால் அடி உயரம். வளர்ந்த ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். கீழே அரையடி வாசற்படி. “எனக்குக் குனியவும் முடியல, தாண்டவும் முடியல. இந்த அறைக்குள்ள போறதுக்குப் பயமா இருக்குய்யா” என்று அம்மா சொன்ன பிறகு பழமை பேச எனக்கு வாய் வரவில்லை. வாசற்படி இல்லாமல், வாக்கர் நுழையும் அகலத்தில், ஏழடிக்குக் கதவு வைத்தோம். குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு. கொல்லைக் கதவின் பலாப் பலகையைக் கரையான் அரித்துத் தாளாக்கியிருந்தது. அங்கே இரும்புக் கதவு. இவையெல்லாம் நியாயமான மாற்றங்கள்.

வாசல் நிலைக்கு மட்டும் ஒட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. அண்ணனும் சம்மதித்தார்.

ஒட்டுக்குத் தேவையான மரம் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். இடித்த வீடுகளின் தூணும் கதவும் சன்னலும் பித்தளைச் சாமானும் விற்கிற தெரு. கதவுகள் சீட்டுக்கட்டு மாதிரி சுவரில் சாய்ந்து நிற்கின்றன. எந்த ஊர், யார் வீடு என்று அவற்றுக்குச் சீட்டு எதுவும் இல்லை. ஒன்றில் கரிக்கட்டியால் எழுதிய பால் கணக்கு இன்னும் அழியாமல் இருந்தது. இன்னொன்றில் பிள்ளைகளின் உயரம் குறித்த கீறல்கள், மூன்றடியிலிருந்து நாலரை வரை. இவற்றில் பல பெரிய விடுதிகளின் வரவேற்பறைக்கும், மேசைப் பலகையாக மாறி வெளிநாட்டு வீடுகளுக்கும் போகின்றன. எரிந்து போகாமல் எங்காவது இருக்கட்டும் என்று ஒரு மனம். நிலை இல்லாமல் கதவை மட்டும் பார்க்கையில், உடம்பிலிருந்து கையை மட்டும் எடுத்து வைத்தது போல இன்னொரு மனம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இலேயே ஏறிவிட்டன. பட்டியலில் ஊர் இருக்கிறது, அந்தத் தெருவில் கதவுகள் சாய்ந்து கிடக்கின்றன.

புதுத் தேக்கே போடலாமே என்று ஆசாரியிடம் கேட்டேன். அதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. பர்மா அரசு 2014 ஏப்ரலில் முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது மரக்கடையில் கிடைக்கும் வெளிநாட்டுத் தேக்கில் பெரும்பங்கு கானா, ஈக்குவடார் போன்ற நாடுகளில் தோட்டமாக நட்டு வளர்த்தது. இளம் மரம், அதில் வைரம் கொஞ்சம், வெள்ளை அதிகம். கரையானைத் தடுக்கும் எண்ணெய்ச் சத்து வைரத்தில்தான் இருக்கிறது. வெள்ளையைக் கரையான் மற்ற மரத்தைத் தின்பது போலவே தின்றுவிடும். தேக்கு என்ற பெயர் ஒன்றுதான், மரம் வேறு. பழைய உத்தரம் ஒன்றில் இரண்டு துண்டு அறுத்து வாங்கிவந்தோம். அறுக்கும்போது எழுந்த வாசனை, தோலும் எண்ணெயும் கலந்தாற்போல, அந்தக் கடை முழுவதும் பரவியது.

வேலை மூன்று நாள். மேல்கட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சுவரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, அழுகிய கால்களைச் சாய்வாக அறுத்து எடுத்தார். அதே சாய்வில் புதுத் துண்டை இழைத்துப் பொருத்தினார். இழைப்புளியால் ஒரு தள்ளு, பொருத்திப் பார்ப்பார். எடுப்பார். மறுபடி ஒரு தள்ளு. பதினைந்து முறைக்குக் குறையாது. கடைசியில் இரண்டு மரமும் சேர்ந்த இடத்தில் தாள் நுழைய இடமில்லை. கொட்டாப்புளியால் மர ஆணிகளை அறைந்து இறக்கினார். கால்களின் அடியில் கருங்கல் துண்டு வைத்து, மரம் சிமெண்டைத் தொடாதபடி தூக்கி நிறுத்தினார். கொடியின் கீழ் முனை அழுகலோடு போய்விட்டது. அதைச் செதுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த இடத்தில் ஒட்டு விழுந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும்.

கதவின் மேல் பச்சை, நீலம், காவி என்று பொங்கலுக்குப் பொங்கல் அடித்த எனாமல் பெயிண்ட் ஒரு தோலாகப் படிந்திருந்தது. அதை எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு உச்சவரம்பு வைத்த விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் பறக்கும், தவழும் பிள்ளைகள் வாயில் போகும். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்க வைத்தோம். அடியில் தேக்கின் ரேகை வந்தபோது அம்மா வாக்கரை விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்த மரத்தின் நிறத்தைப் பார்த்ததில்லை.

கீழ்க்கட்டையைத் தூக்கியபோது கருத்த மண்ணுக்கு நடுவே ஒரு செப்புக் காசு கிடந்தது. நவதானியம் மண்ணோடு மண்ணாகியிருந்தது. காசில் ராஜா தலை பாதி தேய்ந்திருந்தது. ஆசாரி அதைத் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றி, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு பிடி நவதானியத்தோடு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “இருந்த எடத்துலயே இருக்கட்டும் ஆசாரி.”

பூட்டு மட்டும் புதுசு. ஐயா காலத்துத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டும் சாண் நீளச் சாவியும் சாமி மாடத்துக்குப் போய்விட்டன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் அம்மாவின் நடுங்கும் கைக்கு, உள்ளிருந்தே திருகிச் சாத்தும் பூட்டு வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பிடிவாதம் பிடிக்கவில்லை.

கதவுக்கு நம் பேச்சில் எத்தனை சொல் இருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். அப்பத்தா யாரிடமும் “கதவை மூடு” என்று சொல்லிக் கேட்டதில்லை. சாத்து என்பாள், அது வெறுமனே சேர்த்து வைப்பது. ஒருக்களி என்பாள். யாரோ தூங்குகிறார்கள், ஆனால் காற்றும் கூப்பிட்டால் குரலும் போய்வரட்டும் என்று அதற்கு அர்த்தம். தாழ்ப்பாள் போடு என்றால் பொழுது முடிந்தது. தொட்டதும் தானே பூட்டிக்கொள்ளும் கதவில் ஒருக்களிப்பதற்கு இடம் கிடையாது. ஏ.சி. ஓடும் அறையில் ஒருக்களித்தால் கரண்ட் பில் ஏறும். நகரத்து அடுக்குமாடியில் என் வீட்டுக் கதவு ஒரு நாளில் திறந்திருக்கும் நேரத்தை மொத்தமாகக் கூட்டினால் கால் மணி தேறாது. எதிர் வீட்டுக்காரரின் முகத்தை நான் கதவில் பதித்த கண்ணாடிக் குமிழ் வழியாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். திருட்டும் கொசுவும் தூசியும் நிஜம். அவற்றுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாத்தியபடி இருப்பதற்கென்றே ஒரு கதவைச் செய்ய ஆரம்பித்த பிறகு, திண்ணைக்கு வேலை இல்லாமல் போயிற்று. தண்ணீர் கேட்டு வந்து உட்காருகிறவர் இல்லை. தெருவில் போகிறவர் நின்று, “என்ன ஆத்தா, மேலுக்குச் சொகமா?” என்று கேட்பதும் நின்றுபோயிற்று.

ஊர் வீட்டிலும் இப்போது வாசல் கதவு பகலில் சாத்தியே இருக்கிறது. தெருப் பக்கம் கொசுவலைக் கதவு ஒன்றும் சேர்ந்துவிட்டது. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா பழைய முறையை விடுவதில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு முதலில் கொல்லைப் பக்கம் போய் இரும்புக் கதவைச் சாத்துகிறாள். அந்தி நேரத்தில் வீட்டுக்குள் வருகிற லட்சுமி பின்வழியே போய்விடக் கூடாது. பிறகு கூடத்தைக் கடந்து வாசலுக்கு வருகிறாள். புதுப் பூட்டைத் திருகுகிறாள். வலக்கதவு, இடக்கதவு. இரண்டும் முனகாமல் திரும்புகின்றன, குழியில் எண்ணெய் விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. கொக்கி அவள் கைக்கு எட்டாது. எதிர்த்த வீட்டுப் பெண் வாசலில் நின்றபடி அதற்காகவே பார்த்துக்கொண்டிருப்பாள். வந்து வலைக்கதவைத் தள்ளித் திறந்து, இரண்டு கொக்கியையும் மாட்டிவிட்டு, “என்ன அத்தை, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு?” என்று படியில் உட்காருகிறாள்.